கட்டியங்காரன் மலையேறட்டும்!

ஆற்றிலே மூழ்கிப் போனான் ஒருவன். அவனைத் தேடவேண்டும். நண்பர் என்ன செய்தார்? எரிகிற பந்தம் ஒன்றைக் கையிலே பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள்ளே இறங்கினார்! பந்தம் அணைந்தது, ஆள் அகப்படவில்லை, கரையிலே நின்றவர்கள் விலா நோகச் சிரித்தார்கள்.

குடித்துக் கிடப்பவனிடம் போய் நியாயம் பேசுகிறவனும் இந்த நண்பரைப் போன்றவன்தான் என்றார் வள்ளுவர். திருக்குறளின் 93ஆம் அதிகாரம், கள்ளுண்ணாமை. அதிலே ஒன்பதாவது குறளின் கருத்து இது. அத்துடன் விட்டாரா? இல்லை. அடுத்த குறளிலேயே வழியும் காட்டுகிறார். குடிக்கிறவன் தெளிந்திருக்கும் வேளை ஒன்று உண்டல்லவா? அந்த வேளையில், குடித்துவிட்டுத் தள்ளாடும் இன்னொருவனை அவன் கண்ணாலே பார்க்கட்டும். நாமும் இப்படித்தானே கிடந்தோம் என்று அவனுக்கே தோன்றாதா என்று கேட்கிறார்.

ஒன்பதாவது குறளிலே உபதேசம் தோற்றது. பத்தாவது குறளிலே நாடகம் பிறந்தது! தெளிந்தவன் உட்கார்ந்து பார்ப்பது, தள்ளாடுபவன் எதிரிலே ஆடிக்காட்டுவது — இதற்குப் பெயர் நாடகம் அல்லாமல் வேறென்ன? பார்க்கிறவன் முதலில் சிரிப்பான். சிரித்து முடித்த பிறகு சற்றே வெட்கப்படுவான். அந்த வெட்கம்தான் மருந்து. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னே எழுதி வைத்த மருந்துச் சீட்டு. நாம்தான் கடைக்குக் கொண்டுபோகவில்லை.

நாம் என்ன செய்கிறோம்? ஊர்வலம் விடுகிறோம். மண்டை ஓடு வரைந்த போஸ்டர் ஒட்டுகிறோம். ஒலிபெருக்கி கட்டிய வண்டியை அனுப்பி, “குடி குடியைக் கெடுக்கும்” என்று கூவச் செய்கிறோம். அதே வாசகத்தைப் பாட்டிலிலும் அச்சிட்டுத்தானே விற்றோம்! 2022 ஆகஸ்டிலே தமிழ்நாட்டு மாணவ மாணவியர் இலட்சக்கணக்கிலே கைநீட்டி நின்று, போதைப்பொருளைத் தொடமாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். நல்ல காரியம், குறை சொல்ல வரவில்லை. பிள்ளை பள்ளியிலே உறுதிமொழி எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறான். வீட்டிலே அப்பன் திண்ணையிலே கிடக்கிறான். அந்த அப்பனுக்கு யார் உறுதிமொழி சொல்லிக் கொடுப்பது? எந்த மொழியிலே சொல்லிக் கொடுப்பது?

இந்தக் கேள்வியை வத்தல்மலையிலே வைத்துக் கேட்க விரும்புகிறேன்.

தருமபுரிக்காரருக்கு வத்தல்மலையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவருக்குச் சொல்கிறேன். தருமபுரி நகரிலிருந்து ஏறிட்டுப் பார்த்தால் தெரிகிற மலை. பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு என்று சிறு சிறு ஊர்கள். சாமையும் கேழ்வரகும் பயிரிட்ட மண்ணிலே இப்போது காப்பியும் மிளகும் விளைகின்றன. இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை வந்தது இந்த நூற்றாண்டிலேதான். அதற்கு முன்பெல்லாம் நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அங்கே வாழ்கிறவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தார் என்று எண்ணிவிடாதீர், மலையை ஆள்பவர், அதனால் மலையாளி, பேசுவது தமிழ். அவர்கள் வழிவழியாகச் சொல்லிவருகிற கதை ஒன்றுண்டு: காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று உடன்பிறந்தார் புறப்பட்டு வந்து, சேர்வராயன், கொல்லி, பச்சைமலைப் பக்கங்களிலே குடியேறினார்களாம், அவர்கள் வழி வந்தவர்தாம் மலையாளிகளாம். காஞ்சி என்ற பெயரை நினைவிலே வையுங்கள், திரும்பவும் வரும்.

இந்த மலைக்கு மதுவிலக்கு புதிதல்ல. சொல்லப்போனால், தமிழ்நாட்டிலேயே முதன்முதலாக மதுவிலக்கு வந்த மண் இது. 1937 அக்டோபர் 1ஆம் நாள் ஆச்சாரியார் தம் அமைச்சரவையின் சார்பிலே மதுவிலக்கைத் தொடங்கியது சேலம் மாவட்டத்திலே. அன்றைக்குத் தருமபுரி தனி மாவட்டம் அல்ல. 1965 அக்டோபர் 2 வரை சேலத்தோடு சேர்ந்தே இருந்தது. ஆக, வத்தல்மலையும் அந்தச் சோதனைக்குள்ளே அடக்கம். கடைகள் மூடப்பட்டன. மாலையிலே மக்கள் எங்கே போவார்கள்? பஜனை, விளையாட்டு, நாடகம் என்று ஏற்பாடுகள் செய்தார்கள். கடையை மூடினால் மட்டும் போதாது, காலியான மாலைப் பொழுதையும் நிரப்ப வேண்டும் என்ற அறிவு அப்போதே இருந்திருக்கிறது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாரும் வேடிக்கையை! இடக்கையாலே கள்ளுக்கலயத்தைப் பறித்த அதே ஆச்சாரியார், 1938இலே வலக்கையாலே பள்ளிப் பிள்ளைகளின் வாயிலே இந்தியைத் திணித்தார். நடராசனும் தாளமுத்துவும் 1939இலே சிறைப்பட்டு மாண்டார்கள். மக்களைத் திருத்த வந்தவருக்கு மக்கள் மொழியின் மேலே மரியாதை இல்லை. இந்த முரண்பாட்டை நான் இங்கே இழுத்து வருவது பழங்கணக்கைத் தீர்க்க அல்ல. பிறகு தென்னாப்பிரிக்காவுக்குப் போகும்போது இது தேவைப்படும்.

ஆச்சாரியாருக்கு முன்பே இதே சேலம் மாவட்டத்திலே, தாதம்பட்டியிலே, தம் சொந்தத் தோப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னை மரங்களை 1921இலே வெட்டிச் சாய்த்தவர் பெரியார். ஈரோட்டிலே நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலிலே நின்றார்கள். மரத்தை வெட்டிய அந்தப் பெரியாரே பிற்காலத்திலே, சட்டம் போட்டுக் குடியை ஒழிக்க முடியாது என்று மதுவிலக்கைக் கடுமையாகச் சாடியவர். மரமும் வெட்டிப் பார்த்தோம், சட்டமும் போட்டுப் பார்த்தோம். மூன்றாவது கருவி ஒன்று இருக்கிறது. அது சிரிப்பு.

காஞ்சியிலே இரண்டு பேர், குடியைப் பற்றி நகைச்சுவையாக எழுதினார்கள். இருவருக்கும் நடுவிலே ஆயிரத்து முந்நூறு ஆண்டு.

முதலாமவன் மகேந்திரவர்மப் பல்லவன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆண்டவன். நாடகத்தின் பெயர் மத்தவிலாசப் பிரகசனம். சத்தியசோமன் என்கிற காபாலிகன், துணைவி தேவசோமையோடு காஞ்சித் தெருவிலே குடித்துத் தள்ளாடுகிறான். அவன் கண்ணுக்குக் கள்ளுக்கடை யாகசாலையாகத் தெரிகிறது! கையிலிருந்த மண்டை ஓடு காணாமற் போகிறது. எதிரே வந்த புத்த பிட்சுதான் திருடினான் என்று பிடித்துக்கொள்கிறான். பிட்சுவோ, புத்தர் மதுவையும் மங்கையையும் அனுமதித்துத்தான் இருப்பார், பொறாமை பிடித்த கிழவர்கள் ஏட்டிலிருந்து அழித்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு நடக்கிற பேர்வழி. கடைசியிலே, ஓட்டைக் கவ்விப் போனது ஒரு நாய் என்று தெரிகிறது. அரசனாயிருந்தும் துணிச்சல்காரன்! காவி கட்டியவரையெல்லாம் சந்தியிலே நிறுத்திச் சிரித்திருக்கிறான். படித்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. ஆனால் அவன் எழுதியது எந்த மொழியிலே? வடமொழியிலும் பிராகிருதத்திலும்! காஞ்சித் தெருவைப் பற்றிய நாடகம், காஞ்சித் தெருவுக்குப் புரியாத மொழியிலே. கள்ளுக் குடித்தவன் வெளியே நின்றான். கற்றவன் உள்ளே சிரித்தான். பிற்காலத்திலே கேரளத்துக் கோவில்களிலே கூத்தாக அது நின்று நிலைத்தது. பிறந்த தெருவிலே ஒரு குடிகாரனாவது அதைப் பார்த்து வெட்கப்பட்டிருப்பானா? வழியில்லையே!

இரண்டாமவர் யார் என்று சொல்லவும் வேண்டுமோ? அதே காஞ்சி ஈன்ற அண்ணா. 1948 அக்டோபரிலே சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. அடுத்த ஆண்டே, 1949இலே, வெளிவந்தது ‘நல்லதம்பி’. கதை உரையாடல் அண்ணா. நடிப்பு கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், டி.ஏ. மதுரம், பானுமதி; இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. கலைவாணர் சிறையிலிருந்து 1947இலே மீண்ட பிறகு எடுத்த படம். அதிலேதான் கிந்தனார் காலட்சேபமும் வருகிறது. தாழ்த்தப்பட்ட பிள்ளை ரயிலேறிப் படிக்கப் போன கதையைக் கலைவாணர் சிப்ளாக்கட்டையோடு பாடிய காலட்சேபம்.

‘நல்லதம்பி’ எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவிலிருந்து! பிராங்க் காப்ரா 1936இலே எடுத்த படம், ‘மிஸ்டர் டீட்ஸ் பட்டணம் போகிறார்’ என்று தமிழிலே சொல்லலாம். சிற்றூரிலே இருந்தவனுக்குத் திடீரென்று பெருஞ்சொத்து வருகிறது, பட்டணம் போகிறான், ஏமாற்றுக்காரர் சூழ்கிறார்கள், அவனோ சொத்தை ஏழைக்குப் பகிர்ந்து கொடுக்கிறான். கதை நமக்கு ஏற்றதுதான். ஆனால் மூலப்படத்திலே டீட்ஸ் ஒரு நாள் இரவு நன்றாகக் குடிக்கிறான். குடித்துவிட்டுக் குதிரைக்கு இனிப்பு வடையை ஊட்டிக்கொண்டு திரிகிறான். அங்கே குடி ஒரு விளையாட்டு, வெகுளியின் வேடிக்கை. அண்ணாவும் கலைவாணரும் அதை அப்படியே எடுத்து வைத்தார்களா? இல்லை. அமெரிக்கன் குடித்துச் சிரித்த கதையை, தமிழன் குடியை விட்டுச் சிரிக்கிற கதையாக்கினார்கள். ஜமீன் சொத்துக்கு வாரிசான நல்லதம்பி மதுவிலக்குப் பிரசாரம் செய்கிறான்!

சொல்லுக்குச் சொல் மாற்றி வைப்பது குமாஸ்தா வேலை. ஊரை மாற்றி, உள்ளத்தை மாற்றி, சிரிப்பின் முனை எந்தப் பக்கம் குத்தவேண்டும் என்பதையே மாற்றி வைப்பதுதான் மொழிபெயர்ப்பு.

முனை எந்தப் பக்கம் குத்துகிறது என்பதிலேதான் ஆபத்தும் இருக்கிறது. நம் திரைப்படங்களைப் பாருங்கள்! குடிகாரன் வந்தால் கைதட்டல். அவன் உளறினால் சிரிப்பு. அவன் பாட்டு பாடினால் தெருவெல்லாம் பாட்டு. திரையின் மூலையிலே ‘மது உடல்நலத்துக்குக் கேடு’ என்று எறும்பு எழுத்திலே ஒரு வரி! எறும்பு ஊர்ந்தா மலை தேயும்? குடிகாரனைச் செல்லப்பிள்ளையாக்கிச் சிரிக்க வைக்கிற நகைச்சுவை கடைக்கு விளம்பரம். அமெரிக்காவிலே 1844இலே ‘குடிகாரன்’ என்ற பெயரிலேயே ஒரு நாடகம் போட்டார்கள்; பார்த்தவர் கண்ணீர் விட்டுக் குடியை நிறுத்தவேண்டும் என்று எழுதப்பட்ட நாடகம். அதே நாடகத்தை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே 1933 முதல் 1959 வரை கேலிக்கூத்தாக நடத்தினார்கள். இருபத்தாறு ஆண்டு! வந்தவர்கள் பீர் குடித்துக்கொண்டே பார்த்தார்கள்! அழவைக்க எழுதியது, அளவு மீறிய உபதேசத்தாலே, குடித்துக்கொண்டு சிரிக்கிற பண்டமாகிவிட்டது. உபதேசிகள் இதைப் படித்துவிட்டு ஒரு நாள் தூங்காமல் இருக்கலாம்.

ஆக, யாரைப் பார்த்துச் சிரிப்பது? இங்கேதான் தென்னாப்பிரிக்கா வருகிறது.

தென்னாப்பிரிக்கா என்றால் நமக்கு நேட்டால் கரும்புத் தோட்டம் நினைவுக்கு வரும். 1860 நவம்பரிலே சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பல் நினைவுக்கு வரும். தில்லையாடி வள்ளியம்மை நினைவுக்கு வருவாள். நான் சொல்ல வருவது அதற்கும் மேற்கே, கேப் பகுதியைப் பற்றி. அங்கே கரும்பு அல்ல, திராட்சை. திராட்சைத் தோட்டத்து வெள்ளை முதலாளிகள் கூலியின் ஒரு பகுதியைக் காசாகக் கொடுக்கவில்லை; மலிவு ஒயினாகக் கொடுத்தார்கள். ஒரு நாளிலே பலமுறை, வேலைக்கு நடுவிலேயே, தகரக் குவளையிலே ஊற்றிக் கொடுத்தார்கள். இதற்கு ‘டாப்’ முறை என்று பெயர். ‘டாப்’ என்றால் ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலே ஒரு மடக்குச் சாராயம். விற்காத ஒயினும் தீர்ந்தது. கூலிக் காசும் மிஞ்சியது. தொழிலாளி தோட்டத்தை விட்டு ஓடாமலும் இருந்தான். ஒரே குவளையிலே மூன்று இலாபம்! சட்டத்தாலே தடை வந்த பிறகும் ஆண்டுக்கணக்கிலே அது நீடித்தது. அதன் விளைவு இன்றும் தீரவில்லை. தாய் குடித்த மதுவினாலே கருவிலேயே மூளை குன்றிப் பிறக்கிற குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் ஒன்று அந்த மேற்குக் கேப் பகுதி.

அந்தத் தொழிலாளியின் தாய்மொழி என்ன? ஆப்பிரிக்கான்ஸ்! உடனே நம் தோழர்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். ஆப்பிரிக்கான்ஸா? நிறவெறியரின் மொழியல்லவா? 1976 ஜூன் 16ஆம் நாள் சோவெட்டோ மாணவர்கள், கணக்கையும் சமூகப் பாடத்தையும் எங்களுக்கு ஆப்பிரிக்கான்ஸிலே திணிக்காதே என்று தெருவிலே இறங்கிக் குண்டடி பட்டார்களே, அந்த மொழியல்லவா? ஆம், அதே மொழிதான். 1938ஐயும் 1965ஐயும் பார்த்த தமிழனுக்குச் சோவெட்டோவை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் உண்மையை முழுதாகச் சொல்லவேண்டும். ஆப்பிரிக்கான்ஸைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வெள்ளையர் அல்லர். டச்சுக்காரன் கொண்டுவந்த மொழியை அடிமைகளும் மண்ணின் மக்களும் தம் நாவிலே போட்டுப் பிசைந்து உருவாக்கிய மொழி அது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டியிருந்த டச்சுக் கம்பெனி, நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் அடிமைகளைக் கேப்புக்கு ஏற்றிச் சென்றது. நம் ‘கறி’ அங்கே ‘கெரி’யாக இருக்கிறது. சோவெட்டோ மாணவனுக்கு அது விலங்கு. திராட்சைத் தோட்டத்துக் கூலிக்கு அது தாய்ப்பால். ஒரே மொழி! திணித்தால் நஞ்சு, அவன் வாயிலேயே பிறந்தால் அமுது. இந்தி வடநாட்டு உழவனின் வாயிலே இருக்கும்போது நமக்கு அதனோடு என்ன பகை? நம் வாயிலே திணிக்கும்போதுதானே பகை!

அங்கே தொழிற்சாலைக்கும் சுரங்கத்துக்கும் பள்ளிக்கும் நேரிலே போய்ப் பாட நாடகம் போடுகிற வழக்கம் இருக்கிறது. தொழில் நாடகம் என்றே அதற்குப் பெயர். குடியைப் பற்றி ஆங்கிலத்திலே எழுதிய ஒரு நகைச்சுவைப் பாட நாடகம் கேப் தோட்டத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்திலேயே நடித்தால் மேற்பார்வையாளன் சிரிப்பான். கூலிக்காரன் மேற்பார்வையாளனின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பான். அது நாடகமா? ஆகவே ஆப்பிரிக்கான்ஸிலே பெயர்த்தாக வேண்டும். பெயர்க்கிறவர் அகராதியைத் திறந்தால் போதாது. ‘டாப்’ என்று நடிகன் சொன்ன மாத்திரத்திலே அங்கே உட்கார்ந்திருக்கிற கிழவனுக்குத் தகரக் குவளையும் முதலாளியும் அப்பன் செத்த கதையும் நினைவுக்கு வரும். ‘பாப்சாக்’ என்றால் வெள்ளித்தாள் பையிலே விற்ற மலிவு ஒயின். நம் எல்லைக்கு அப்பால் கருநாடகத்திலே 2007 ஜூலையிலே சாராயத்தைத் தடை செய்யும் வரை விற்ற பாக்கெட் சாராயத்துக்கு அண்ணன் அது. மறுநாள் காலைத் தலைவலிக்கு ‘பாபெலாஸ்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்; அது சூலு மொழியிலிருந்து கடன் வாங்கியது! குடி கொடுத்தவன் ஒருவன், தலைவலிக்குப் பெயர் கொடுத்தவன் வேறொருவன். இந்தச் சொற்களை விட்டுவிட்டு, ‘மதுபானம் அருந்துதல்’ என்று மொழிபெயர்த்துப் பாருங்கள், ஒரு உதடும் அசையாது.

நம்மிடம் மட்டும் சொல் குறைவா? சரக்கு, தண்ணி, மப்பு, குவாட்டர், கட்டிங்! முன்பின் அறியாத இருவர் கடை வாசலிலே காசு சேர்த்து ஒரு குவாட்டரை ஆளுக்குப் பாதியாக்கிக்கொள்வதற்குக் ‘கட்டிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்களே, சாதியை ஒழிக்க நாம் நடத்திய சமபந்தி அங்கேதான் தடையில்லாமல் நடக்கிறது போலும்! இதைச் சொன்னால் குடிக்கிறவனே முதலில் சிரிப்பான். அந்தச் சிரிப்பிலே ஒரு சிறு கதவு திறக்கும். நம் விழிப்புணர்வுக் குழுக்களோ மேடையேறியதும், “மதுவின் தீமைகள் யாதெனின்” என்று தொடங்குகின்றன. நானும் செந்தமிழ் மேடையிலே பேசுகிறவன்தான். அடுக்குமொழி எனக்கு வயிற்றுப்பிழைப்பு. ஆனால் அது கூட்டத்துக்கு உதவும். திண்ணையிலே கிடப்பவனுக்கு உதவாது.

டாப் முறை நமக்குச் சொல்கிற பெரிய பாடம் மொழியைப் பற்றியது மட்டுமல்ல. குடித்துத் தள்ளாடும் கூலியை மட்டும் கேலி செய்து ஒரு நாடகம் போட்டால், தகரக் குவளையிலே ஊற்றிக் கொடுத்த முதலாளி முன்வரிசையிலே உட்கார்ந்து கைதட்டிச் சிரிப்பான். அது பாட நாடகம் அல்ல, அடிமேல் அடி. ஊற்றியவனும் மேடைக்கு வந்தாக வேண்டும்.

நம் மேடையிலே ஊற்றுகிறவர் யார்? சங்கடமான கேள்விதான், கேட்காமல் இருக்கமுடியாது. 1971இலே கழக அரசு மதுவிலக்கைத் தள்ளிவைத்தது. புதிதாக மதுவிலக்கைக் கொண்டுவரும் மாநிலத்துக்குத்தான் மானியம், ஏற்கெனவே கடைப்பிடித்து வருகிற உங்களுக்கு இல்லை என்று டில்லி கைவிரித்தது அன்றைய நியாயம். ஒழுங்காக இருந்தவனுக்கு அபராதம்! 1974இலே மீண்டும் கொண்டுவந்ததும் கழக அரசுதான். 1981இலே அது மறுபடியும் போயிற்று. 1983இலே டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 2003இலே அம்மையார் ஆட்சியிலே சில்லறைக் கடையும் அரசின் கைக்கே வந்தது. 2023 ஜூனிலே 500 கடைகள் மூடப்பட்டன. ஆனாலும் 2023-24இலே அந்த வழியாக வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேலே. யார் நாற்காலியிலே இருந்தாலும் இந்தத் தொகை அவர் மடியிலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது; இறங்கு என்றால் இறங்க மறுக்கிறது. உடனே இழுத்து மூடு என்கிறவர்கள் கள்ளக்குறிச்சியைப் பார்க்கட்டும். 2024 ஜூன் 19ஆம் நாள் தொடங்கி, கருணாபுரத்திலே மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மெத்தனால் உடம்புக்குள்ளே போய்ப் பார்மிக் அமிலமாகிறது. முதலில் கண்ணைக் குருடாக்குகிறது, பிறகு ஆளைக் கொல்கிறது. செத்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள். அங்கே கடையும் இருந்தது. இருந்தும் மலிவாகக் கிடைத்த நஞ்சைத் தேடிப் போனார்கள். அந்தப் பிணங்களைப் பற்றி ஒரு நகைச்சுவையும் வேண்டாம். விற்றவனைப் பற்றி வேண்டும். கண்ணை மூடிக்கொண்டிருந்தவனைப் பற்றியும் வேண்டும்.

சரி, வத்தல்மலைக்கு வருவோம். அங்கே நாடகம் போட யாரைக் கூப்பிடுவது? பட்டணத்துக் குழு வேண்டாம். தருமபுரி, சேலம், கிருஷ்ணகிரிச் சீமை தெருக்கூத்துச் சீமை. பாரதக் கூத்து நடந்து, மண்ணாலே துரியோதனனைப் படுக்க வைத்துப் படுகளம் ஆடுகிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. பாரதக் கதையோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஐந்து பேர் சூதாடித் தோற்றதற்கு ஒருத்தி சேலையை இழந்த கதையிலே என்ன பெருமை? ஆனால் கட்டியங்காரனோடு எனக்கு முழு உடன்பாடு! திரைக்கு முன்னே முதலில் வருகிறவன் அவன். அரசனைப் பார்த்து, “யாருய்யா நீ, இந்த நேரத்துல இங்க வந்து நிக்கிற?” என்று கேட்கிற உரிமை அவன் ஒருவனுக்குத்தான் உண்டு. தேவன் ஆனாலும் சரி, வேந்தன் ஆனாலும் சரி, அந்த ஊர்ப் பேச்சிலே பதில் சொல்லியாக வேண்டும். கலைவாணர் பிறப்பதற்குப் பல தலைமுறைக்கு முன்பே அவருடைய வேலையைச் செய்துகொண்டிருந்தவன் இவன்.

அவனை மலையேற்றுங்கள். புராண வேந்தனுக்குப் பதிலாகப் பாட்டில் ராசா ஒருவன் கிரீடம் வைத்துக்கொண்டு வரட்டும். நீலகிரியிலே 2022இலே நீதிமன்றத்தின் உத்தரவாலே ஒரு திட்டம் வந்தது: காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய். காட்டு விலங்கின் காலிலே கண்ணாடி குத்தாமல் இருக்க நல்ல திட்டம். கட்டியங்காரன் கேட்கட்டும்: “காலி பாட்டிலைக் குடுத்தா பத்து ரூவா. காலியான என்னைக் கொண்டுபோய்க் குடுத்தா எவ்வளவு தருவீங்க ராசா?” மிளகு மூட்டையோடு இறங்குகிறவனின் காட்சி வரட்டும்; தராசிலே வைத்தால் மிளகு ஏன் குறைகிறது, பாட்டில் மட்டும் எப்போதும் 180 மில்லியாகவே இருக்கிறதே, உன் தராசையும் அந்தக் கம்பெனிக்காரனிடமே செய்து வாங்கிக்கொள்ளக்கூடாதா என்று வியாபாரியைக் கேட்கட்டும். கஞ்சாப் பொட்டலத்தோடும் மாத்திரையோடும் வருகிற பட்டணத்து வாலிபன் ஒருவன், “டென்ஷன் அண்ணே” என்று சொல்லட்டும், சாமைக் கதிர் அறுத்து முதுகு ஒடிந்த கிழவி அவனைப் பார்த்து, “அது எந்தக் காட்டுலடா விளையுது?” என்று கேட்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. மலைவாழ் மக்கள் என்றால் குடிகாரர் என்று படம் பிடிக்கிற பழக்கம் கீழே இருக்கிறவர்களுக்கு உண்டு. அந்தப் படத்தை மேலே கொண்டுபோகாதீர்கள். நாடகத்திலே குடிகாரனாக வருகிறவன் கீழ்நாட்டு ஆளாக இருக்கட்டும். காசு வைத்திருக்கிற ஆளாக இருக்கட்டும். வள்ளுவர் சொன்னதும் அதுதானே? பார்க்கிறவன் இன்னொருவனைத்தான் பார்க்கவேண்டும். அங்கிருந்து தன்னிடம் வருவது அவன் பொறுப்பு. வசனத்தை மலையிலே பிறந்து பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் எழுதட்டும். மேடைத் தமிழும் வேண்டாம், சேலத்துத் தமிழும் வேண்டாம். அவர்கள் பாட்டி பேசுகிற தமிழ் போதும். காஞ்சியிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் அல்லவா? மகேந்திரவர்மன் தவறவிட்ட தெருக்காரர்கள் இவர்கள்தாம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

செலவு? ஒரு ஜீப், இரண்டு மத்தளக்காரர், ஒரு முகவீணை, அரிதாரம், ஆளுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு. ஒலிபெருக்கி வண்டிக்கு ஊற்றுகிற டீசலை இங்கே ஊற்றினால் நாலு ஊருக்குக் கூத்து போடலாம்.

நேரத்திலேதான் அதிகாரிகள் தவறு செய்வார்கள். கூத்து என்றால் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடப்பது என்று வழக்கம் காட்டுவார்கள். பத்து மணிக்கு யார் தெளிந்திருப்பார்கள்? பெண்களும் பிள்ளைகளும்! யாருக்காகப் போடுகிறோமோ அவன் வேலியோரம் படுத்திருப்பான். கட்டியங்காரன் நீரிலே பந்தம் பிடித்தவன் ஆகிவிடுவான். காப்பிப் பழம் பறித்து முடிந்த தை மாதத்திலே, ஒரு நாள் காலை எட்டு மணிக்கு, வெயிலிலேயே போடுங்கள். பெரியூரிலே ஒன்று, பால்சிலம்பிலே ஒன்று. முன்வரிசை நாற்காலிகளை வட்டாட்சியருக்கும் ஒன்றியப் பெருமக்களுக்கும் ஒதுக்காதீர்கள். அவர்கள் பின்னாலே நின்று பார்க்கட்டும்.